கடும்வெட்டு

ஞாயிறு ஆராதனை முடிந்து பதினொன்றரைக்கு வீடு திரும்பிய சுகிர்தபாய், வாசல் நிலையில் ஒரு வெட்டைப் பார்த்தாள்.

இடுப்பு உயரத்தில் தொடங்கி இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கியிருந்தது. நடுக்கமில்லாத வெட்டு. சீவிய மரம் சுருள் சுருளாகப் படியில் கிடந்தது. வெட்டின் கீழ்முனையில் ஒரு தகரச் சில்லு அடித்து, அதற்கு அடியில் கம்பி வளையம் கட்டி, வளையத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டை வைத்திருந்தது.

ஆரியங்கோட்டுச் சரிவுகளில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ரப்பர் மரத்தில் பாலெடுக்க இப்படித்தான் வெட்டுவார்கள். ஆனால் இது வீட்டின் நிலை. அவளுடைய மாமனார் காலத்துப் பலாமரம். அறுத்து, இழைத்து, வார்னிஷ் பூசி, அது மரமாக இருந்ததே மறந்துபோய்விட்டது.

சிரட்டையில் பால் இருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். அடியில் ஒரு விரற்கடை அளவு, வெள்ளையாக, ஓர் எறும்பு மிதக்க. புருஷன் விஜயதாஸ் டீக்கு வைத்த பாலைக் கொண்டுவந்து ஊற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். விரலைத் தோய்த்துத் தேய்த்தாள். ஒட்டியது. விரல்களைப் பிரித்தபோது நடுவில் ஒரு நூல் நீண்டு, மெலிந்து, அறுந்தது. புளித்த வாடை.

அவர்கள் மதிலுக்குள் ஒரு ரப்பர் மரம்கூட இல்லை. எல்லாம் போய், வெட்டிய அடிக்குற்றிகள் மட்டும் நின்றன, நடுநடுவே அன்னாசி. கேட் பூட்டியிருந்தது. சாவி அவள் வேதப்புத்தகப் பைக்குள் இருந்தது.

விஜயதாஸ் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் கத்தி.

"கேட்டியளா, நிலையில இது ஆரு செஞ்சது?"

அவர் வெளியே வானத்தைப் பார்த்தார்.

"மழ வருமுந்தி பாலெடுக்கணும்."

கத்தியைக் கொடுத்தது அவள்தான். மறதி முற்றிய பிறகு அவர் விடியுமுன் எழுந்து கேட்டை உலுக்கத் தொடங்கினார். திறக்காவிட்டால் கம்பியில் நெற்றியால் மோதுவார். மாத்திரைக்கும் அடங்கவில்லை. அவள் பின்பக்கத்தில் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையிலிருந்து அவருடைய பழைய வெட்டுக்கத்தியை எடுத்து, துவைகல்லில் தேய்த்து முனையை மழுக்கி, கையில் கொடுத்தாள். அவர் அடங்கினார். ஊரில் பலரும் இப்படிச் செய்வதுண்டு. கொத்தனாராக இருந்தவருக்கு ஒரு கரண்டி. டிரைவராக இருந்தவருக்கு ஒரு பழைய ஸ்டியரிங். கை வேலை கேட்டு அலறும்போது வேலையைக் கையில் வைத்துவிடுவது.

இப்போது அவள் கத்தியை எடுத்து விரலால் தொட்டுப் பார்த்தாள். முனை மழுங்கியிருக்கவில்லை.

அவள் அதை அவர் மடியிலேயே வைத்தாள். நிலையைச் சுற்றி இருந்ததையெல்லாம் பிடுங்கி எறிந்தாள். சிரட்டையைக் கழுவினாள். வெட்டின் மேல் சபைக் காலண்டரை மாட்டினாள்.

மதியம் முன்னறைச் சுவரிலிருந்த கேமரா பேசியது. மகன் வினீத், அயர்லாந்திலிருந்து. அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். வேற்று நாட்டு வயோதிகர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, இடைவேளையில் பெற்றோரைப் போனில் பார்ப்பான்.

"அம்மா, அந்தக் காலண்டர எதுக்கு அங்க கொண்டு மாட்டினீங்க?"

"இஞ்ச வெளிச்சம் உண்டு மக்கா. கிழம நல்லாத் தெரியுது."

"அப்பா எப்பிடி?"

"சாந்தம்தான்."

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் நின்றது. நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் ஓர் இல்லத்தில் வினீத் இடம் சொல்லி வைத்திருந்தான். ஓணத்துக்கு வந்து இருவரையும் கொண்டுபோய் விடுவான். புருஷனும் பெண்சாதியும் ஒரே அறையில் இருக்கலாம், அமைதியாக இருந்தால். கை நீட்டுகிறவர்களுக்குப் பின்னால் தனிக் கட்டடம். அவள் போய்ப் பார்த்திருந்தாள். ஜன்னல்கள் உயரத்தில் இருந்தன. உள்ளே யாரோ ஒரே பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் பதில் சொல்லவில்லை.

*

வீடுவீடாக நோயாளிகளைப் பார்க்கும் பாலியேட்டிவ் வண்டி வந்த அன்று மழை விட்டு விட்டுப் பெய்தது. நர்ஸ் ஷிஜா சிஸ்டர் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள். எப்போதும் சத்தமாகப் பேசுகிற பெண்.

"மாமி, ஒரு செருப்பு எங்க?"

சுகிர்தபாய் கீழே பார்த்தாள். வலது காலில் செருப்பு இல்லை. முற்றத்தில் சேற்றுக்குள் கிடந்தது. கழன்றது தெரியவில்லை.

"இந்த சுகரு இப்பிடியாக்கும். காலு இருக்கா இல்லியாண்ணு நான் வந்து சொல்லணும்." ஷிஜா அவள் பாதத்தை மடியில் எடுத்து வைத்து ஒரு நைலான் நூலால் குத்தினாள். "தெரியுதா?"

"இல்ல."

"இஞ்ச?"

"இல்ல."

"முட்டு வர ஒண்ணும் இல்ல. ராத்திரி எலி கடிச்சாலும் அறிய மாட்டீங்க. காலையில எந்திச்சு எண்ணிப் பாருங்க, பத்து விரலும் உண்டாண்ணு."

சிரித்தாள். சுகிர்தபாயும் சிரித்தாள். விஜயதாஸ் சிரிக்கவில்லை. அவர் ஷிஜாவின் மடியிலிருந்த காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷிஜா குரலைத் தாழ்த்தினாள்.

"மாமன் வல்லதும் உபத்திரவம் உண்டா? அடிக்கது, தள்ளுகது? உண்டுமெண்ணா சொல்லுங்க. மருந்து மாத்தலாம். அந்த ஹோமுக்காரங்களும் எங்கிட்டதான் கேப்பாவ."

"சாது ஆக்கும். ஒரு எறும்ப நோவிக்க மாட்டாரு."

"பின்ன மடியில கத்தி?"

"வாய் மழுங்கின கத்தி பிள்ளே. வெறுத ஒரு சமாதானத்துக்கு."

ஷிஜா கத்தியைத் தொடக் கை நீட்டினாள். விஜயதாஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். வலிக்கும்படியல்ல. கட்டைவிரலையும் நடுவிரலையும் வளையமாக்கிச் சுற்றளவு பார்த்தார். தலையை ஆட்டினார்.

"இளசு. ஏழு வருசம் ஆகட்டு," என்றார்.

ஷிஜா உரக்கச் சிரித்தாள். ரப்பர் கன்றை வெட்டுக்கு எடுக்க ஏழு வருடம் காத்திருக்க வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும்.

வண்டி இறங்கிப் போன பிறகும் அந்தச் சிரிப்பு வீட்டில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு மழைச்சத்தம் மட்டும்.

*

அவர் சாதாரண வெட்டுக்காரராக இருந்ததில்லை. அவருடைய வேலை கடும்வெட்டு. ஆயுள் முடிந்த மரங்களை விற்பதற்கு முன்னால் ஒரு வருடம் கடும்வெட்டுக்குக் கொடுப்பார்கள். அதன் பிறகு அந்த மரத்தைக் காக்க வேண்டியதில்லை. பட்டை நாளைக்கு வளர வேண்டியதில்லை. ஏணி வைத்து ஏறி, எல்லாப் பக்கமும், பட்டைக்கடியில் தடி தெரியும்வரை அறுத்து, உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிடுவார்கள். பெருங்கடவிளையிலிருந்து ஆரியங்கோடுவரை பழைய தோட்டங்களை அவர்தான் முடித்துவைத்தார். கடைசியாகத் தன்னுடைய தோட்டத்தை. அதற்குள் மறதி தொடங்கிவிட்டது. மரங்கள் வெட்டுப்பட்டு லாரியில் போன பிறகும் குற்றிகளுக்குச் சிரட்டை வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பிற்பகல் வானம் இறங்கி வந்து தோட்டத்தின் மேல் உட்கார்ந்தது. மணி மூன்றுதான் என்றாலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. ஓட்டிலிருந்து விழும் தண்ணீரும், வாழையிலையில் விழும் தண்ணீரும், எங்கோ ஒரு பாத்திரத்தில் சொட்டும் தண்ணீரும் தனித்தனியாகக் கேட்டன. அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். அவற்றுக்குள் வேறொரு சத்தம் இருப்பதைக் காது பிறகுதான் பிரித்தது.

சர்ர். நிறுத்தம். சர்ர்.

முன்னறை நாற்காலி காலியாக இருந்தது.

அவள் ஈரத்தில் கால் வைத்துப் பின்பக்கம் போனாள். தரை குளிர்கிறதா என்று தெரியவில்லை. புகைப்புரையின் கதவு சாத்தியிருந்தது. ரப்பர் ஷீட்டைப் புகைபோட்ட பழைய வாடை, கரியும் புளிப்புமாக, மழையில் நனைந்து கதவின் இடுக்குகளில் ஊறி வந்தது. அதோடு சூடான ஒரு வாடை. மீன் வாடையல்ல.

கதவைத் தள்ளினாள்.

நாயைத் தூணோடு சேர்த்துக் கட்டியிருந்தார். பக்கத்து வீட்டுப் பொன்னுதாசின் டைகர். பல் போன, ஒரு கண் வெளுத்த கிழட்டு நாய். மதிலின் உடைப்பு வழியாகப் பழஞ்சோற்றுக்கு வரும். பின்னங்காலில் நிற்கிற மாதிரி நெஞ்சிலும் இடுப்பிலும் கயிறு. வாயில் ரப்பர் வார். விலாவின் ஒரு பக்கம் மயிரை வழித்திருந்தார். அங்கே சரிந்த வெட்டுகள், ஒன்றின் கீழ் ஒன்று, ஒரே இடைவெளியில். கீழே சிரட்டை.

அது உயிரோடிருந்தது. நல்ல கண்ணால் அவளைப் பார்த்தது.

"பழைய மரம்," என்றார் விஜயதாஸ். "பாலு கொறவு."

அவள் அவர் கையைப் பிடித்தாள். அவர் திரும்பாமலே முழங்கையை வீசினார். அவளுடைய வாயில் ஏதோ உடைந்தது. சுவரில் மோதி விழுந்தாள். அவர் அவள் மேல் குனிந்தார். கத்தியின் நுனி தாடைக்குக் கீழே வந்து நின்றது. முகத்தில் கோபமில்லை. அவளுக்கு அதுதான் தாங்க முடியவில்லை. நாற்பத்தெட்டு வருடத்தில் அவர் கோபத்தை அவள் அறிவாள். இது வேலை செய்கிற முகம்.

இடது கையால் அவளுடைய கெண்டைக்காலைச் சுற்றி அளந்தார். தொடையை அளந்தார். உள்ளங்கையால் தட்டி, காது கொடுத்துக் கேட்டார்.

"இதும் ஆச்சு," என்றார். "கடும்வெட்டுக்கு எடுக்கலாம்."

பிறகு களைத்துப்போனவர் போல நிமிர்ந்து, கத்தியை அவள் கையில் கொடுத்துவிட்டு, மழையில் நனைந்தபடி வீட்டுக்குள் போனார்.

நாய் முனகத் தொடங்கியது. வாயைக் கட்டியிருந்தாலும் முனகல் கேட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் பொன்னுதாசின் சமையலறை. நாயின் சத்தம் கேட்டால் பொன்னுதாஸ் வருவான். வந்தால் பார்ப்பான். பார்த்தால் ஷிஜா. பிறகு வினீத். பிறகு அந்தக் கட்டடம்.

ஷீட் அடிக்கும் ரோலரின் இரும்புக் கைப்பிடி மூலையில் கிடந்தது.

மூன்றாவது அடியில் முனகல் நின்றது. அவள் நான்காவதும் அடித்தாள்.

சிரட்டையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மழையில் கவிழ்த்தாள். கையில் சூடாக வழிந்தது. விரல்கள் ஒட்டிக்கொண்டன. குழாயடியில் கண்ணைத் திறக்காமலே கழுவினாள்.

அன்னாசிக்கிடையில் மண் இளகிக் கிடந்தது, குழி எடுக்க எளிதாக இருந்தது. கத்தியைக் கிணற்றில் போட்டாள். அது தண்ணீரைத் தொட்ட சத்தம் வர, நினைத்ததைவிட நேரமானது.

பொழுது சாயும்போது பொன்னுதாஸ் கேட்டில் நின்றான்.

"அக்கா, எங்க டைகர கண்டீங்களா?"

"காணல்லியே."

"எங்கயாவது கிழவிகளத் தேடிப் போயிருப்பான், கள்ளப்பய." சிரித்தவன் நிறுத்தினான். "வாயில என்ன, ரெத்தம்?"

"படியில வழுக்கி விழுந்தேன்."

"ஒத்தையில இதெல்லாம் எப்பிடி முடியும்? ராத்திரி வல்லதும்ண்ணா ஒரு விளி விளிச்சாப் போதும். மதிலச் சாடி வந்துருவேன்."

"சாரமில்ல பொன்னா. நீ போ. மழை வருது."

*

கத்தி போன பிறகு வீடு அடங்கியது. விஜயதாஸ் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். கேட்டை உலுக்கவில்லை. மாலை ஜெபத்தில் ஆமென் என்றுகூடச் சொன்னார். அவளுக்குத் தூக்கம் வரத் தொடங்கியது.

அதுவரை காற்சட்டையோடு தானே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவரைச் சனிக்கிழமை அவள் குளிப்பாட்டினாள். வெந்நீர் விளாவி, ஸ்டூலில் உட்காரவைத்து, காற்சட்டையைக் கழற்றினாள்.

இரண்டு கணுக்காலிலிருந்தும் முழங்கால்வரை வெட்டுகள்.

புதியவை அல்ல. அவர் எத்தனை நாளாக இதைச் செய்துவந்தாரோ. ஓரங்கள் தடித்து, கறுத்து, பட்டைபோல மடிந்திருந்தன. சீழ் இல்லை. ரத்தம் இல்லை. ஒவ்வொரு வெட்டின் உள்ளும் மஞ்சள் கலந்த வெள்ளையில் ஏதோ உறைந்திருந்தது.

அவள் நகத்தால் ஒரு முனையைக் கிளப்பினாள். வந்தது. இழுத்தாள். நீளமாக, வெட்டின் சரிவு முழுக்க, வாராக உரிந்து வந்தது. விட்டதும் சுருண்டு அவள் விரலில் அடித்தது.

சின்ன வயதிலிருந்து அவள் மரங்களிலிருந்து பிடுங்கிச் சாக்கில் சேர்த்தது. காய்ந்த ஒட்டுபால்.

விஜயதாஸ் கூச்சத்தில் நெளிந்து சிரித்தார்.

"அத நீ எடுக்காத, பிள்ளே. அது வெட்டுக்காரனுக்குள்ளது."

அவள் அதை அடுப்பில் போட்டாள். கறுத்த புகை விட்டு, டயர் எரிகிற வாடையோடு எரிந்தது. இனி முடியாது. சொல்லிவிட வேண்டும். கேமராவின் முன்னால் போய் நின்று, அதன் சிறிய பச்சை வெளிச்சத்தைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

அது முந்திக்கொண்டது.

"அம்மா, நானே விளிக்கணும்ண்ணு இருந்தேன். ஹோமுல ரூம் தந்தாச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே ரூமு. சன்னலத் தொறந்தா நெய்யாறு தெரியும். அப்பாவுக்குத் தண்ணி பாக்கப் பிடிக்கும்லா?" மகனின் குரல் உடைந்தது. "எனக்கு இப்பதான்மா ஒரு சமாதானம். அப்பா சாந்தம்தானே?"

உள்ளறையிலிருந்து விஜயதாசின் இருமல் கேட்டது.

"சாந்தம்தான் மக்கா."

*

சொட்டு.

அவள் கண் விழித்தாள். ஜன்னலில் இருட்டு கரையத் தொடங்கியிருந்தது. சர்ச்சில் மணி இன்னும் அடிக்கவில்லை. மழை இல்லை. ஓடு சொட்டவில்லை.

சொட்டு.

கட்டிலின் கால்மாட்டில் ஒரு வெளிச்சம் அசைந்தது. வெட்டுக்காரர்கள் நெற்றியில் கட்டும் விளக்கு. அது அவளைப் பார்க்கவில்லை. கீழே குனிந்திருந்தது.

சர்ர். நிறுத்தம். சர்ர்.

எழுந்திருக்கப் பார்த்தாள். நெஞ்சுக்குக் குறுக்கே கயிறு. கைகளின் மேலும் கயிறு. தலையை மட்டும் தூக்க முடிந்தது. அவருடைய முதுகு தெரிந்தது. முழங்கை சீராகப் போய் வந்தது. அவளுடைய கால்கள் அந்த முதுகுக்கு அப்பால் இருந்தன. வலிக்கவில்லை. ஒன்றுமே தெரியவில்லை. யாரோ வேறொருவரின் காலில் வேலை நடப்பதுபோல.

சொட்டு. சொட்டு.

புளித்த வாடை. ரத்த வாடையை அவள் தேடினாள். அது இல்லை.

அவர் கத்தியைத் துடைக்கத் தூக்கினார். கைப்பிடியில் பச்சைப் பாசி. நுனியிலிருந்து தண்ணீர் வடிந்தது. கிணற்று மண்ணின் வாடை.

"கேட்டியளா," என்றாள். குரல் மெலிந்து வந்தது. "நான் சுகிர்தமாக்கும்."

விளக்கு திரும்பியது. கண் கூசியது. வெளிச்சத்துக்குப் பின்னால் அவர் முகம் இல்லை.

முன்னறையில் கேமரா சொடுக்கியது. அசைவு கண்டால் மகனின் போனில் மணியடிக்கும்.

"அம்மா? எந்திச்சாச்சா? ரூமுல லைட்டு அசையுதே."

அவன் அங்கே நைட் டூட்டியில் இருப்பான். கேமராவுக்கு முன்னறையும் அறைவாசலும் மட்டும்தான் தெரியும். ஒரு சொல் போதும். பொன்னுதாஸ் மதிலைச் சாடுவான்.

வலி இல்லை. வலி இல்லாத காயம் சிறிய காயமாகத்தான் இருக்கும். விடிந்ததும் கழுவிக் கட்டிவிடலாம். நெய்யாறு தெரியும் ஜன்னல். இரண்டு கட்டில்.

"ஒண்ணுமில்ல மக்கா. அப்பா பாத்ரூமுக்குப் போறாரு."

"செரிம்மா. வழுக்காமப் பாத்துக்கிடுங்க."

விஜயதாஸ் எழுந்தார். சிரட்டைகளைக் குனிந்து பார்த்தார். திருப்தியாக ஒரு சத்தம் எழுப்பினார்.

"நல்ல பாலு. பாத்தா தெரியாது. உள்ள இம்பிடு இருக்கு."

குளியலறை ஸ்டூலை இழுத்துவந்தார். தலைமாட்டில் போட்டார். ஏறினார். கடும்வெட்டில் கீழே முடிந்தால் மேலே.

கயிறு இறுகியது. அவள் திமிறினாள். கட்டில் கிறீச்சிட்டது. இங்கே உணர்வு இருந்தது. தோளில். கழுத்தில். எல்லாம் இருந்தது.

"பொன்னா—"

உள்ளங்கை வாயில் விழுந்தது. காய்த்துப்போன கை. முகத்தை ஒரு பக்கமாகச் சரித்தது. பெருவிரல் கழுத்தில் இடம் பார்த்தது. காதுக்குக் கீழே. இடமிருந்து வலம்.

குளிர்ந்த இரும்பு.

சர்ர்.

கட்டில் ஒருமுறை அடித்துக்கொண்டது. ஒரு சிரட்டை உருண்டது. அடுத்தது. நெற்றிவிளக்கு சுவரில் பொறுமையாக ஏறி இறங்கியது.

ஜன்னல் வெளுத்தது. சர்ச்சில் மணி அடித்தது.

முன்னறையில் கேமரா மீண்டும் சொடுக்கியது.

"அம்மா, உங்க ரூமுக்குள்ள இருந்து வெள்ளையா ஒழுகி வருதே. பாலு கொட்டிப் போச்சா?"